கண்ணாடித் தகட்டில் ஒரு மாதா

ஆனி பிறந்து மேற்குமலையில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்கு இருவகைக் கூட்டம் வரும். ஒன்று குளிக்க வருவது. மற்றொன்று படம் எடுக்க வருவது. கைப்பேசிக்குள் காமிரா புகுந்துகொண்ட பிறகு இவ்விரு கூட்டத்துக்கும் இடையே இருந்த எல்லைக்கோடு ஏறத்தாழ அழிந்துவிட்டது. ஆயினும் விடியுமுன் தென்காசியிலிருந்து புறப்பட்டு, தோளில் ட்ரைபாடும் பையில் இரண்டு மூன்று லென்சுகளுமாக ஐந்தருவிப் பக்கம் போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள். பொழுதுபோக்காகத் தொடங்கியதைக் கலையாக வளர்த்தெடுக்க வேண்டும் என்ற வேட்கை இவர்களுக்கு உண்டு. நம் பங்குகளில் தேர்ப்பவனியையும் புதுநன்மை விழாவையும் படம் எடுத்துத் தருபவர்களும் இவர்களுள் அடக்கம். இவர்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம்.

குற்றாலத்தைப் பற்றி இவர்கள் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை ஒரே படம்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறோம். லென்சின் முன் கறுப்பு ஃபில்டர் ஒன்றை மாட்டி, ஒளியைக் குறைத்து, ஷட்டரை அரை நொடியோ அதற்கு மேலோ திறந்து வைத்தால், விழும் நீர் துளிகளாகத் தெரியாமல் வெண்பட்டுத் துணி போலத் தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறையில் எடுத்தால் உலகின் எந்த அருவியும் ஒன்று போலவே இருக்கும். செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவில் இருப்பதுதான் பாலருவி. இவர்கள் கையில் பேரருவியும் பாலருவியாகிவிடுகிறது. பேரருவி நேரே விழுவதில்லை என்பதை நம் வட்டாரத்துச் சிறுவனும் அறிவான். பாதி உயரத்தில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குடைவில் விழுந்து, அங்கே நிறைந்து கொந்தளித்து, மறுபடி புரண்டு கீழே பாய்கிறது. அந்த முரட்டுத்தனம்தான் அந்த அருவியின் முகம். பட்டுத்துணி முறை முதலில் அழிப்பது அந்த முகத்தைத்தான்.

ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792-இல் நம் தென்பாண்டிச் சீமைக்கு வந்தார்கள். அவர்கள் வரைந்த பாபநாசம் அருவி 1804-இல் அச்சுப்படமாக வெளிவந்தது. அவர்களிடமும் ஒரு வாய்பாடு இருந்தது. ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியத்தின் வாய்பாடு அது. வாய்பாடு இருப்பது குற்றமன்று. அது கண்ணுக்குப் பதிலாகப் பார்க்கத் தொடங்கும்போதுதான் தொல்லை. ரோஜா படத்துக்குப் பிறகு பெயர் பெற்ற சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களில் இன்று நடப்பதும் இதுதான்.

அப்படியானால் பொழுதுபோக்குக்காரர் எந்த இடத்தில் கலைஞர் ஆகிறார்? விலையுயர்ந்த காமிராவிலா, போட்டியில் பெற்ற பதக்கத்திலா? தம் பிற்கால வாழ்வைக் குற்றாலத்தில் கழித்த ரசிகமணி டி. கே. சி., கவிதையை அளந்து பார்த்தபோது கவிஞனின் பாண்டித்தியத்தைக் கேட்கவில்லை. உணர்ச்சி உருவம் பெற்றிருக்கிறதா என்றே கேட்டார். அந்தக் கேள்வியைப் புகைப்படத்துக்கும் கேட்கலாம். கேட்பதற்கு ஏற்ற ஒருவருடைய வாழ்வையும் படங்களையும் எடுத்துக்கொள்வோம். அவர் கல்கத்தாவில் பிறந்து இலங்கையில் மறைந்தவர். மாதாவைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தவர். நம்மவர்களையும் படம் எடுத்தவர்.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-ஆம் ஆண்டு ஜூன் 11-இல் பிறந்தார். கணவர் சார்லஸ் ஹே கேமரன் சட்ட அறிஞர். இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றியமைத்த கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவில் ஒருவர். ஓய்வுக்குப் பின் குடும்பம் இங்கிலாந்தில் வைட் தீவில் குடியேறியது. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள், தனிமையில் பொழுது போகட்டும் என்று. அப்போது அம்மையாருக்கு வயது 48. பொழுதுபோக்கு என்பதற்கு இதைவிட நேரான தொடக்கம் இருக்க முடியாது. ஒரு மாதத்திற்குள், 1864 ஜனவரியில், ஆனி என்ற சிறுமியின் முகத்தைப் பதித்து, அதைத் தம் முதல் வெற்றி என்று எழுதி வைத்தார். நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூண்டு கண்ணாடி வேய்ந்த ஸ்டுடியோ ஆயிற்று. கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது.

அக்காலத்து முறை எளியதன்று. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசையை ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலரும் முன்பே படமெடுத்து, உடனே கழுவ வேண்டும். அவர் எடுத்த முகங்கள் மூன்று நிமிடம் முதல் ஏழு நிமிடம் வரை அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. கைகள் கறுத்தன, உடைகள் கறைபட்டன. தகட்டில் விரல் தடமும் கீறலும் விழுந்தன. லண்டன் புகைப்படச் சங்கத்தின் இதழ் அவருடைய படங்கள் தெளிவற்றவை, கவனமின்றிச் செய்யப்பட்டவை என்று இடித்துரைத்தது. அவரோ, லென்சைத் திருகிக்கொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் நிறுத்திவிடுவதாகவும், அதற்கு மேல் கூர்மையை நாடிப் போவதில்லை என்றும் பின்னாளில் எழுதினார்.

நம் நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கேமரனின் மங்கலும் மங்கல்தான், குற்றாலத்துப் பட்டு நீரின் மங்கலும் மங்கல்தான். பின்னையது ஃபில்டரின் விளைவு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கும். முன்னையது ஒருவர் தம் கண்ணை நம்பி எடுத்த முடிவு. அதற்காக வசை வாங்கவும் அவர் அணியமாக இருந்தார். தொழில்நுட்பம் தெரியாததால் வந்த பிழையைப் பிறகு கொள்கையாக்கிக் கொண்டார் என்று சொன்னவர்கள் உண்டு. தொடக்கத்தில் அப்படியும் இருந்திருக்கலாம். ஆனால் 1867-இல் அவர் எடுத்த வானியல் அறிஞர் ஹெர்ஷலின் முகத்தைப் பார்த்தவர்கள் அதைப் பிழை என்று சொல்ல மாட்டார்கள். இருளிலிருந்து நெற்றியும் நரைமயிரும் கண்களும் மட்டும் எழுந்து வருகின்றன, மற்றவை கரைந்துவிடுகின்றன.

1865-இல் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம், இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், அவர் படங்களை விலைக்கு வாங்கியது. 1868-இல் அங்கேயே இரண்டு அறைகளை அவருக்கு ஸ்டுடியோவாகக் கொடுத்தது. நான்கு ஆண்டுகளில் இத்தனையும். ஆனால் வளர்ச்சி என்று நாம் கருதுவது இதையன்று.

கேமரனின் வீட்டில் மேரி ஹில்லியர் என்ற இளம்பெண் பணிப்பெண்ணாக இருந்தாள். அவளை மாதாவாக நிறுத்தி அவர் எடுத்த படங்கள் பல. ஊரார் அவளை மடோனா என்றே அழைக்கத் தொடங்கினார்கள். 1865-இல் எடுத்த ஒரு படத்துக்குப் பக்தி என்று பெயர். தூங்கும் குழந்தையின்மேல் முக்காடிட்ட பெண் ஒருத்தி குனிந்திருக்கிறாள். குழந்தை கேமரனின் பேரன். விழித்திருந்தால் அசைந்துவிடுவான், ஆகவே தூக்கத்தில் எடுக்கப்பட்டது. ஆனால் அந்தத் தூக்கமே படத்தின் பொருளாகிவிட்டது. தளர்ந்து கிடக்கும் சிற்றுடலைப் பார்க்கும் தாயின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அச்சத்துக்கு அணித்தான ஓர் அமைதி இருக்கிறது. சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட மகனை மடியில் ஏந்திய வியாகுல மாதாவை அறிந்த நமக்கு அந்தக் குனிவு எதை நினைவூட்டுகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

நம் வீடுகளில் தொங்கும் காலண்டர் மாதாவோடு இப்படத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீல மேலாடை இல்லை, ஒளிவட்டம் இல்லை, ரோசா நிறக் கன்னம் இல்லை. வேலை செய்து களைத்த ஒரு பெண்ணின் முகம் மட்டும் இருக்கிறது. நாசரேத்தூர் மரியாளுக்கு இதுவே அருகில் இருக்கிறது என்பது நம் துணிபு. கேமரன் கத்தோலிக்கர் அல்லர், ஆங்கிலிக்கர். அவருடைய சமயப் படங்கள் எல்லாம் இத்தரத்தின அல்ல. தேவதூதருக்கு இறக்கை கட்டிய சில படங்கள் பள்ளி ஆண்டுவிழா நாடகத்தையே நினைவூட்டுகின்றன. வேடம் பெரிதாகும்போது முகம் சிறிதாகிவிடுகிறது. ஒரே பெண்ணை ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, வேடத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி முகத்துக்கு வந்து சேர்ந்ததையே நாம் அவருடைய வளர்ச்சி என்போம்.

இத்தகைய நீண்ட பார்வைக்குச் சான்று தேடி வைட் தீவு வரை போகத் தேவையில்லைதான். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் மட்டுமே படம் எடுத்தார். வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளைத் தாமே பொருத்திக்கொண்ட ஒரு கருவியை வைத்திருந்தார். ஸ்டேட்ஸ்மன் நாளேட்டில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். அவருடைய யானைப் படங்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். நாம் இப்போது கேமரனோடு கப்பல் ஏறியாக வேண்டும்.

வைட் தீவில் அவர்கள் வாழ்ந்த வீட்டின் பெயர் டிம்போலா. இலங்கையில் அவர்களுக்கு இருந்த தோட்டத்தின் பெயரால் அமைந்தது அது. இலங்கைக் காப்பித் தோட்டங்களிலிருந்து வந்த வருவாய் அக்குடும்பத்தின் பிழைப்பில் ஒரு பங்கு. அந்தக் காலத்தில் அத்தோட்டங்களில் காடு வெட்டிக் காப்பி பறித்தவர்கள் யார்? திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டுக் கடல் கடந்த தமிழர்களே பெரும்பாலோர். வழியிலேயே மாண்டவர் பலர். கண்ணாடி வேய்ந்த கோழிக்கூண்டில் மாதா உருவானபோது, அதற்கான கூலியில் ஒரு சிறு பகுதியை நம் முன்னோரும் கட்டியிருக்கிறார்கள் என்பதைக் கலை வரலாற்று நூல்கள் பெரிதாகச் சொல்வதில்லை.

1869 முதல் இலைநோய் காப்பியை அழித்து வந்தது. 1875-இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்கே குடிபெயர்ந்து களுத்துறையில் தங்கினார்கள். அங்கே அவர் எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை 30-க்கும் குறைவு. அவரை அங்கே கண்ட ஓவியர் மரியான் நார்த் ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். ஓர் ஆளுடைய முதுகின் அழகு கேமரனைக் கவர்ந்துவிட்டதாம். அந்த ஆளைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளச் செய்தாராம். அவருக்குத் தோட்டமே இல்லை. தோட்டவேலை என்றால் என்னவென்று அந்த ஆளுக்கும் தெரியாது. நார்த் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். நமக்குச் சிரிப்பு வருவதோடு சற்று நெஞ்சும் உறுத்துகிறது. ஒரு மனிதன் முதுகாக மட்டும் வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கிறான்.

ஆயினும் இலங்கைப் படங்களைத் தள்ளிவிட நாம் அணியமாக இல்லை. மாதாவாகவும் தேவதையாகவும் எவரையும் அவர் இங்கே மாற்றவில்லை. சுவரை ஒட்டி நிற்கிறார்கள், தோட்டத்தில் அமர்ந்திருக்கிறார்கள், தாங்களாகவே இருக்கிறார்கள். வைட் தீவுப் படங்களில் இருக்கும் நாடகம் இங்கே ஏறத்தாழ இல்லை. அதனாலேயே விமரிசகர் சிலர் இவற்றை மங்கிப்போன முதுமைக்காலப் படைப்பு என்றனர். நமக்கோ இவற்றின் அடக்கம் பிடித்திருக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. வைட் தீவின் பணிப்பெண்ணுக்கு மேரி ஹில்லியர் என்று பெயர் உண்டு; அவள் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் நமக்குத் தெரியும். களுத்துறை மக்களுக்குப் பெயர் இல்லை. சிங்களவரா தமிழரா என்பதுகூடப் பல படங்களில் குறிக்கப்படவில்லை. குடியானவர்கள், தோட்டத் தொழிலாளி, இளம்பெண் என்ற அளவில் அருங்காட்சியகச் சீட்டு முடிந்துவிடுகிறது.

இதைச் சொல்லும்போது நம் கண் தானாகவே தென்காசிப் பக்கம் திரும்புகிறது. அருவிக்கரையில் முகம் சுருங்கிய மூதாட்டி, கோயில் வாசலில் கையேந்தும் முதியவர், பீடி சுற்றும் பெண். போட்டிகளுக்குப் போகும் இப்படங்களின் அடியில் முதுமை, வறுமை, உழைப்பு என்று தலைப்பிடுகிறார்கள். எந்த லென்ஸ், எத்தனை நொடி என்ற விவரமெல்லாம் எழுதப்பட்டிருக்கும்; அந்த மூதாட்டியின் பெயர் இருக்காது. ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு முகம் தேடிப் போய்விடுகிறார்கள். ஒரே முகத்திடம் நூறு முறை திரும்பிப் போகும் பொறுமையைக் கேமரனிடம் கற்கலாம். அந்த முகத்துக்கு உரியவர் யார் என்று கேட்டு எழுதி வைக்கும் மரியாதையைக் கேமரனிடமிருந்து முழுமையாகக் கற்க முடியாது. படத்தில் இருப்பவரிடம் அனுமதி கேட்பதும், ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் கலைக்குப் புறம்பான நாகரிகம் என்று நம் நண்பர்கள் சிலர் கருதுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. திரும்பிப் போகிறவருக்குத்தான் இரண்டாவது படம் கிடைக்கும். பெரும்பாலும் நல்ல படம் அதுவாகவே இருக்கும்.

கேமரன் 1879 ஜனவரி 26-இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில், மகனின் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவையில் தூய மரியாள் பெயரால் விளங்கும் சிறு ஆங்கிலிக்கன் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், அடுத்த ஆண்டு மறைந்த கணவரோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சுற்றிலும் இன்று தேயிலை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள்.

இறப்பதற்கு முந்திய ஆண்டான 1878-இல் களுத்துறையில் எடுத்த ஒரு குழுப்படம் மீண்டும் மீண்டும் நம்மை அழைக்கிறது. அதன் அடியில் கேமரன் தம் கையால் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். சிறுமிக்கு 12 வயது. முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்று சொல்வதாகவும், தமக்கு நூறு வயது என்று கூறிக்கொள்வதாகவும் அக்குறிப்பு தெரிவிக்கிறது. அவ்வளவு வயது இருக்குமா என்ற ஐயம் அவருக்கே இருந்திருக்கிறது. எழுதிய விதத்தில் அது தெரிகிறது. ஆனால் அந்த முதியவர் பேசியிருக்கிறார். யாரோ ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, அம்மையாரும் நின்று கேட்டிருக்கிறார்.