விரல் வியர்வை எதற்குச் சாட்சி?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் "பொய் காட்டும் கருவி" என்ற மாதிரியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு விரல்களில் கம்பியைச் சுற்றிக் கேள்வி கேட்பார்கள். மானியின் முள் நகர்ந்ததும், "பொய்!" என்று கூட்டம் ஆரவாரிக்கும். கருவியில் குற்றமில்லை, அதற்கு இட்ட பெயரில்தான் குற்றம். ஏன் என்று பார்ப்போம்.

உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நூற்றுக்கணக்கான வியர்வைச் சுரப்பிகள் உண்டு. உடலின் மற்றப் பகுதிகளில் வியர்வை பெரும்பாலும் வெப்பத்தைத் தணிக்கச் சுரக்கிறது. விரல்களிலோ அச்சம், ஆவல், திடீர் ஓசை, கடினமான மனக்கணக்கு ஆகிய எதுவும் சுரப்பிகளைத் தூண்டும். பரிவு நரம்புகளே இந்தக் கட்டளையைக் கொண்டு வருகின்றன.

இதை அறிய எளிய முறைகள் இரண்டு. முதலாவது அயோடின் முறை. ரஷ்ய நரம்பியல் மருத்துவர் விக்டர் மினோர் 1928-இல் இதை வெளியிட்டார். அயோடின் பூசிய தோலில் மாவுப்பொடி தூவினால், வியர்வை பட்ட இடம் கருநீலமாகும். உங்கள் ஆசிரியரின் உதவியுடன் இதை நீங்களே செய்யலாம். விரல் நுனியில் அயோடின் டிங்சரை மெல்லப் பூசி நன்றாக உலரவிடுங்கள். மாவுச்சத்து கலந்த வெள்ளை எழுதுதாளை அதன்மேல் சிறிது நேரம் அழுத்துங்கள். தாளில் கரும்புள்ளிகள் தோன்றும். ஒரு சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் எண்ணுங்கள். (அயோடின் ஒவ்வாதவர்கள் இதைச் செய்யவேண்டாம்.)

இம்முறையின் சிறப்பு, செலவின்மை. குறையும் உண்டு. எத்தனை சுரப்பிகள் வேலை செய்கின்றன என்பதை அது காட்டும். எவ்வளவு வியர்வை சுரந்தது என்பதைச் சரியாகக் காட்டாது. அயோடின் உலராவிட்டால் தாள் முழுதும் கறையாகிவிடும்.

இரண்டாவது மின்முறை. பிரான்சு நாட்டின் ஃபெரே 1888-இல் தோலின் மின்தடை மாறுவதைக் கண்டார். சுரப்பியின் நாளங்களில் உப்புநீர் நிறைந்தால் மின்தடை குறையும். தூண்டுதல் கிடைத்த ஓரிரு வினாடிகளில் முள் நகரும். ஆனால் கம்பியை இறுக்கிப் பிடித்தாலும், கையை அசைத்தாலும் முள் நகரும். அறையின் வெப்பநிலையும் அளவை மாற்றும். சிறு மின்கலத்தை மட்டுமே பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரம் கூடவே கூடாது.

ஆக, இரு முறைகளும் சொல்வது ஒன்றே: நரம்பு சுரப்பியைத் தூண்டுகிறது. ஏன் தூண்டுகிறது என்பதை அவை சொல்வதில்லை. குற்றம் செய்தவனுக்கும் வியர்க்கும். குற்றம் சாட்டப்பட்டு நடுங்கும் அப்பாவிக்கும் வியர்க்கும். விரல் வியர்வையையும் அளக்கும் பொய்யறியும் சோதனையை, ஒருவரின் ஒப்புதலின்றி நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் தீர்ப்பளித்தது.

அப்படியானால் இந்த அளவீடு பயனற்றதா? இல்லை. ஜவ்வாது மலைப் பக்கத்துக் கண்ணமங்கலத்திலிருந்து வடக்கே சென்றால் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளைக் காக்கப் பாடுபட்டார். அருகிலுள்ள கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆய்வு நிலையம் எழுந்தது. தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்கினால் வியர்வை நின்றுபோகும். தோல் வறண்டு வெடிக்கும். உணர்வும் மழுங்கியிருப்பதால் வெடிப்பு வலிக்காது. புண் ஆழமாகி விரலையே குலைத்துவிடும். தேமலில் தொடுவுணர்வு உண்டா என்று சொல்லத் தெரியாத குழந்தையிடம், அங்கே வியர்வை சுரக்கிறதா என்று பார்ப்பது மருத்துவருக்கு ஒரு துப்பு. வறண்ட கையைத் தினமும் நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவது நோயாளிக்குக் காப்பு.

இங்கே கேள்வி சரியானது: நரம்பு வேலை செய்கிறதா? அதற்கு வியர்வை நேரான விடை தருகிறது. பொய்யைப் பற்றிக் கேட்டால் அதனிடம் விடையில்லை. அடுத்த கண்காட்சியில் இந்த மாதிரியை வைக்கும் மாணவர்களே, பெயர்ப்பலகையை மாற்றுங்கள். "விரல் வியர்வை காட்டி" என்று எழுதுங்கள். அதுவே உண்மை.