விரைவா, உரிமையா?

காத்மாண்டு நகருக்குப் பெயர் தந்த காஷ்டமண்டபம் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் சரிந்தது. அன்று அங்கே குருதிக்கொடை அளிக்க வந்தோரும் மாண்டனர். மீட்புப் பணியைக் குறைந்த விலை கோரும் ஒப்பந்தக்காரரிடம் விடுவதை ஊரார் எதிர்த்தனர். அவர்களும் பங்கேற்ற குழுவின் பொறுப்பில், செங்கல், மண்சாந்து, மரம் எனப் பழைய முறையிலேயே 2022-இல் மண்டபம் மீண்டும் எழுந்தது.

ஏழாண்டுத் தாமதம் குறையன்றோ? குறையே. ஆயினும், அந்த இடைவெளியில் அகழ்ந்தபோதுதான், 12-ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்பட்ட மண்டபத்தின் அடித்தளம் 7-ஆம் நூற்றாண்டுக்குரியது எனத் தெரியவந்தது. அவசரக் கான்கிரீட் அவ்வுண்மையைப் புதைத்திருக்கும். அந்நகரின் ராணிப் பொக்கரிக் குளத்தில் கான்கிரீட் புகுந்தபோதும் மக்களே எதிர்த்து நின்று அகற்றச் செய்தனர்.

கட்டடத்தை எவரும் கட்டித் தரலாம். 'இது நம்முடையது' என்னும் உரிமையுணர்வை எந்த ஒப்பந்தமும் தராது. இடருற்ற ஊரில் முதலில் மீட்கப்பட வேண்டியது அதுவே.