உருமாறும் ரோபோ பொம்மைகள்: சேகரிப்பின் சுவையும் வித்தைகளின் தொல்லையும்

ஒரே பொம்மைக்குள் இரண்டு வடிவங்களை அடக்கிவைப்பதுதான் உருமாறும் ரோபோவின் அடிப்படை. லாரியாகவோ விமானமாகவோ இருப்பதன் கீல்களைத் திருப்பி, பலகைகளை மடித்து, கால்களை இழுத்துவிட்டால் மனித வடிவில் ஓர் இயந்திரம் எழுந்து நிற்கும். மாற்றத்தின்போது எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது, வெளியிலிருந்து எதையும் சேர்க்கவும் கூடாது என்பது எழுதப்படாத விதி. இந்த விதியை ஒரு பொம்மை எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறது என்பதை வைத்தே சேகரிப்பாளர்கள் அதன் தரத்தை எடைபோடுகிறார்கள். ஆனால் தயாரிப்பாளர்கள் நாற்பது ஆண்டுகளாக இந்த அடிப்படையின் மேல் வேறு வேறு வித்தைகளை ஏற்றிவந்திருக்கிறார்கள். சேகரிப்பில் கிடைக்கும் நிறைவும் எரிச்சலும் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கின்றன.

இவ்வகையில் பலரும் அறிந்த வரிசை டிரான்ஸ்ஃபார்மர்ஸ். அதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. டகாரா நிறுவனம் 1980இல் டயக்ளோன் வரிசையையும், 1983இல் மைக்ரோ சேஞ்ச் வரிசையையும் கொண்டுவந்தது. முன்னதில் நிஜக் கார்களின் சிறு வடிவங்கள் ரோபோவாகின. பின்னதில் கைத்துப்பாக்கி, கேசட் பிளேயர் போன்ற பொருள்கள் நிஜ அளவிலேயே ரோபோவாகின. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இரண்டையும் உரிமம் பெற்று ஒன்றாக்கி, 1984இல் ஒரே கதையின் கீழ் விற்றது. மார்வெல் காமிக்ஸின் பாப் புடியான்ஸ்கி பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் தந்தார். டயக்ளோன் கதையில் ரோபோக்கள் மனிதர் ஓட்டும் இயந்திரங்கள். அதனால் அந்தக் கார்களின் கதவைத் திறந்தால் சிறு ஓட்டுநர் பொம்மை உட்காரும் இருக்கை இருக்கும். புதிய கதையில் ரோபோக்களே உயிருள்ளவை, ஓட்டுநருக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் அச்சு மாறவில்லை, இருக்கையும் அப்படியே தங்கிவிட்டது.

1984இன் ஆப்டிமஸ் பிரைம் இந்த வடிவமைப்பின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டும். லாரியின் முகப்பே ரோபோவின் மார்பு. முன்கண்ணாடி இரண்டும் மார்பில் அப்படியே நிற்கின்றன. லாரியின் பின்பகுதி கால்களாகிறது, பக்கங்களிலிருந்து கைகள் வெளிவருகின்றன, உள்ளே மறைந்திருந்த தலை மேலே எழுகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும் இந்த வரிசையில் ஒரு கண்டுபிடிப்பின் தெளிவு இருக்கிறது. ஆனால் கை முட்டிகள் தனித் துண்டுகள். ரோபோவான பின் அவற்றைச் செருக வேண்டும், தொலைந்தால் ரோபோ முட்டியில்லாமல்தான் நிற்கும். டிரெய்லருக்கோ ரோபோ வடிவில் இடமே இல்லை. அது தனியே திறந்து போர்த்தளமாகிறது, அவ்வளவுதான். எழுதப்படாத விதி, வரிசையின் முதன்மை நாயகனிடமே இரண்டு இடங்களில் மீறப்பட்டிருக்கிறது. அப்படியும் அந்தப் பொம்மை இன்றுவரை கொண்டாடப்படுவதற்குக் காரணம், மீதி எல்லாமே மாற்றத்துக்காகவே அமைந்திருப்பது.

இந்தச் சேகரிப்பின் உண்மையான சுவை கையில் இருக்கிறது. சிலையை வாங்கி வைப்பவர் பார்க்கிறார். உருமாறும் பொம்மையை வாங்குபவர் வடிவமைப்பாளரின் சிந்தனையைத் தன் விரல்களால் மீண்டும் நடத்திப் பார்க்கிறார். கதவு எந்தப் பக்கம் மடிந்தால் சக்கரத்துக்கு வழிவிடும், இடுப்பை எப்போது சுழற்றினால் கூரை முதுகில் படியும் என்பதைக் கண்டுபிடிக்கும் நேரம் அலாதியானது. ஒரு நல்ல பொம்மையில் கடைசிப் பலகை ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும்போது, அதற்கு முந்தைய அசைவுகள் அத்தனைக்கும் காரணம் புரிந்துவிடும். ஒரே பாத்திரம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு எப்படி வேறு வழியில் மடிக்கப்பட்டது என்பதை ஒப்பிட முடிவதும் இந்தச் சேகரிப்புக்கே உரிய பலன். இயந்திரவியலின் சிறு வரலாறு அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கிறது என்றே சொல்லலாம்.

பிறகு ஏன் வித்தைகள் தேவைப்பட்டன? ஒவ்வோர் ஆண்டும் கடையில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும், அது தொலைக்காட்சி விளம்பரத்தின் சில நொடிகளுக்குள் புரியவும் வேண்டும். நுட்பமான மடிப்பை விளம்பரத்தில் காட்டுவது கடினம். பாய்ந்து வெளிவரும் ஏவுகணையைக் காட்டுவது எளிது. ஆகவே வித்தை பெரும்பாலும் வாங்கும் தருணத்துக்காகவே வடிவமைக்கப்படுகிறது. ஆனால் சேகரிப்பாளர் அதனோடு பல ஆண்டுகள் வாழ்கிறார். பிணக்கு முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

1988இன் பவர்மாஸ்டர் பொம்மைகளை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுடனும் ஒரு குட்டி மனித உருவம் வரும். அதை மடித்தால் எஞ்சின். அந்த எஞ்சினை வாகனத்தில் செருகினால்தான் உள்ளிருக்கும் பூட்டு விடுபட்டு வாகனம் ரோபோவாக விரியும். கதைக்குள் இது அழகான கருத்து: மனிதனும் இயந்திரமும் சேர்ந்தால்தான் ஆற்றல். கையிலோ பொம்மையின் உயிர்நாடியே விரல்நுனி அளவுள்ள ஒரு துண்டை நம்பி இருக்கிறது. அந்தத் துண்டு சோபாவுக்குக் கீழே உருண்டுவிட்டால், பூட்டை ஏமாற்ற வேறு வழி தேட வேண்டும். பழைய பொம்மைச் சந்தையில் எஞ்சின் இல்லாத பவர்மாஸ்டர்கள் மலிவாகக் கிடைப்பதில் வியப்பில்லை. மாற்றம் என்ற அடிப்படை இன்பத்துக்கே ஒரு சாவியை மாட்டிவிட்ட வடிவமைப்பு இது.

அதே ஆண்டு வந்த பிரிடெண்டர்கள் வேறு வகையில் ஏமாற்றின. ரோபோவின் மேல் மனித அல்லது அரக்க வடிவிலான கெட்டியான ஓடு ஒன்று மூடியிருக்கும். ஓட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால் உள்ளிருக்கும் ரோபோ ஒல்லியாகவும், அதன் மாற்றம் மிக எளிதாகவும் ஆகிப்போயின. கவர்ச்சி முழுதும் ஓட்டுக்குப் போய்விட்டது. 1990இன் ஆக்‌ஷன் மாஸ்டர்கள் இந்தப் போக்கின் எல்லை. அவற்றில் நாயகர்கள் உருமாறவே மாட்டார்கள், கூட வரும் துணைப்பொருள்தான் உருமாறும்.

2002இன் ஆர்மடா வரிசையில் மினிகான் என்ற சிறு ரோபோக்கள் மையமாயின. பெரிய ரோபோவின் மேலுள்ள முளையில் மினிகானைப் பொருத்தினால் ஸ்பிரிங் விடுபட்டு இறக்கை விரியும் அல்லது துப்பாக்கி தோளுக்கு மேல் புரண்டு வரும். குழந்தைகளுக்கு இது கொண்டாட்டம், அதை மறுக்க முடியாது. ஆனால் ஸ்பிரிங்குக்கும் அதன் தண்டுக்கும் உடலுக்குள் இடம் வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் மூட்டுகளிடமிருந்து பறிக்கப்பட்டது. 1996இன் பீஸ்ட் வார்ஸ் வரிசை பந்து மூட்டுகளால் கைகால்களை எல்லாப் பக்கமும் திருப்ப வழிசெய்திருந்தது. அதைப் பழகியவர்களுக்கு, ஆர்மடாவின் பெரிய பொம்மைகள் மரம்போல விறைத்து நின்றது பெரிய பின்னடைவு. 2005இன் சைபர்ட்ரான் வரிசையில் மினிகானின் இடத்தைப் பிளாஸ்டிக் சாவி பிடித்தது, ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான்.

மிகத் தெளிவான தோல்வி 2011இன் மெக்டெக் ஆயுதங்கள். மூன்றாவது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்துக்காக வந்த பொம்மைகளின் கையில் ஒரு பருத்த துப்பாக்கி. அதன் நெம்புகோலை அழுத்தினால் அது பிளந்து இரம்பமாகவோ அரிவாளாகவோ மாறும். விரலை எடுத்தவுடன் ஸ்பிரிங் அதைப் பழைய வடிவுக்கே இழுத்துவிடும். அவற்றில் பலவற்றை விரிந்த நிலையில் நிறுத்தப் பூட்டு இல்லை. அலமாரியில் வைப்பவருக்கு அந்த இரண்டாம் வடிவம் கிடைக்கவே கிடைக்காது. போதாக்குறைக்கு ஆயுதத்தின் எடை சிறிய பொம்மையின் மணிக்கட்டைக் கீழே தாழ்த்தியது. ஒரே ஒரு சிறு பள்ளமும் முளையும் சேர்த்திருந்தால் இந்த வித்தை பிழைத்திருக்கும். அதைச் செய்யாமல் விட்டது, பொம்மையைத் தொடர்ந்து கையாளப்போகிறவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்பதற்குச் சான்று.

எல்லா வித்தைகளும் இப்படியல்ல. 1987இன் ஹெட்மாஸ்டர்களில் ரோபோவின் தலை கழன்று ஒரு குட்டி ரோபோவாக விரிகிறது. அந்தக் குட்டி வாகனத்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்காருகிறது. தலையைக் கழுத்தில் பொருத்தி அழுத்தினால் மார்புக்குள் சிறு உருளைகள் சுழன்று பலம், வேகம், அறிவு ஆகியவற்றின் அளவைக் காட்டும். தலையைத் தொலைத்தால் முண்டம்தான் மிஞ்சும் என்ற ஆபத்து இங்கும் உண்டு. ஆனால் இந்த வித்தை மாற்றத்தைத் தடுக்கவில்லை, அதைத் தலைவரை நீட்டுகிறது. அதனால்தான் 2016இல் டைட்டன்ஸ் ரிட்டர்ன் என்ற பெயரில் இதே கருத்து திரும்ப வந்தபோது நல்ல வரவேற்புப் பெற்றது.

பல ரோபோக்கள் சேர்ந்து ஒரு பேருருவாகும் இணைப்பு ரோபோக்களும் இதே வகை. 1985இன் டெவஸ்டேட்டர் ஆறு கட்டுமான வாகனங்களின் கூட்டு. அடுத்த ஆண்டு வந்த குழுக்களில் எந்தச் சிறு வாகனமும் கையாகவோ காலாகவோ மாற முடிந்தது. இங்கே மாற்றம் என்ற கருத்து இரண்டாம் படிக்கு ஏறுகிறது. விலை என்னவென்றால், உறுப்பாக வேண்டிய ரோபோ தனியாக நிற்கும்போது அதன் அசைவுகள் குறைகின்றன. 2015இன் பெரிய டெவஸ்டேட்டரில் தனி ரோபோக்களின் முழங்கைகள் மடங்காதது பலரைப் புண்படுத்தியது. ஜப்பானியப் பதிப்பில் முழங்கை மூட்டுகள் சேர்க்கப்பட்டன. குறை பொறியியலின் எல்லையில் இல்லை, செலவுக் கணக்கில் இருந்தது என்பதை அந்தத் திருத்தமே காட்டிக்கொடுத்தது.

செலவுக் கணக்கு சேகரிப்பின் மற்ற முகங்களையும் தீர்மானிக்கிறது. உருக்கு அச்சு செய்வதே பெருஞ்செலவு. ஆகவே ஒரே அச்சில் நிறம் மாற்றிப் பல பாத்திரங்கள் விற்கப்படுகின்றன. 1984இன் ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் மூன்றும் ஒரே ஜெட் விமானம்தான். கதை அவர்களை ஒரே படைப்பிரிவினராகக் காட்டியதால் இது குறையாகத் தெரியவில்லை. ஆனால் முழுத் தொகுப்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் ஒரே பொம்மையைப் பல தடவை வாங்குகிறார். மாற்றத்தின் புதுமை முதல் பொம்மையோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் வாங்குவது நிறத்தையும் பெயரையும் மட்டுமே. சேகரிப்பு பொருளை அறிவதிலிருந்து பட்டியலை நிரப்புவதாகச் சரியும் இடம் இது. 2019இல் ஹாஸ்ப்ரோ யூனிக்ரான் என்ற கோள் வடிவ ரோபோவைக் கூட்டுநிதி முறையில் அறிவித்தது. விலை ஏறத்தாழ 575 டாலர், தேவைப்பட்ட முன்பதிவுகள் 8,000. கெடு நீட்டிக்கப்பட்ட பிறகே அந்த எண்ணிக்கை எட்டப்பட்டது. விருப்பம் இருந்தாலும் இடமும் பணமும் ஒரு கட்டத்தில் கையை இழுத்துப் பிடிக்கும் என்பதை அந்தத் தாமதம் உணர்த்தியது.

பெட்டியைத் திறக்காமல் வைத்திருப்பது இந்தத் துறையின் ஆழ்ந்த முரண்பாடு. திறக்காத பொம்மைக்கு விலை அதிகம், திறக்காத பொம்மை உருமாறாது. இதை நியாயப்படுத்தச் சொல்லப்படும் காரணம் தேய்மானம். அதில் உண்மை உண்டு: ஒவ்வொரு மாற்றத்திலும் பலகைகள் உரசி வண்ணம் கீறப்படுகிறது, பந்து மூட்டுகள் தளர்கின்றன. தளர்ந்த பந்தின் மேல் நிறமில்லா நகப்பூச்சை மெல்லிய அடுக்காகப் பூசி உலரவிட்டு இறுக்கத்தை மீட்பது சேகரிப்பாளர்களிடையே பரவலான கைவைத்தியம். ஆனால் பெட்டியும் காப்பாற்றுவதில்லை. 1980களின் இறுதியிலிருந்து சில காலம், உலோகத் துகள் கலந்த மினுமினுப்பான பிளாஸ்டிக் பல பொம்மைகளில் பயன்பட்டது. அந்தக் கலவை ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே நொறுங்கும் தன்மை கொண்டது. ஜப்பானில் 1988இல் வந்த பிளாக் ஜாரக் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. யாரும் தொடாத பொம்மையும் முதல் தடவை திருப்பும்போது உடையலாம். வெள்ளைப் பிளாஸ்டிக்கோ வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மஞ்சளாகிறது. அழிவைத் தள்ளிப்போடலாம், அதற்காகப் பொம்மையின் பயனையே விட்டுக்கொடுப்பது நட்டமான பேரம்.

வித்தைகளுக்கு எதிர்வினையாக எழுந்தது 2003இல் தொடங்கிய மாஸ்டர்பீஸ் வரிசை. பெரியவர்களுக்கென்றே செய்யப்பட்ட இவற்றின் முதல் ஆப்டிமஸ் பிரைமில் உலோகப் பாகங்களின் கனம் கையில் உணரக்கூடியது. 2011இல் வந்த பத்தாம் எண் பொம்மை அளவு, அசைவு, மாற்றம் மூன்றிலும் சமநிலை கண்டது. அந்தச் சமநிலையைப் பிந்தைய பொம்மைகள் பல எட்டவில்லை. காரணம், கார்ட்டூனில் வரும் உருவத்தை இம்மி பிசகாமல் கொண்டுவரும் பிடிவாதம். திரையில் வரைந்த ரோபோவில் சக்கரமும் கதவும் மறைந்துவிடும். பொம்மையில் அவற்றை மறைக்க வேண்டுமானால் பலகைக்குள் பலகையாக மடித்துக்கொண்டே போக வேண்டும். 2017இன் மெகட்ரான், 2019இன் ஆப்டிமஸ் பிரைம் போன்றவை தோற்றத்தில் குறையற்றவை, மாற்றத்தில் அயர்ச்சி தருபவை. மெல்லிய பலகை ஒன்று ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் மற்றவை பூட்டிக்கொள்ளாது. குறிப்பேட்டைப் பார்க்காமல் செய்ய முடியாத மாற்றத்தை யாரும் விரும்பித் திரும்பச் செய்வதில்லை. வித்தையைத் துறந்த வரிசை, நுணுக்கத்தையே வித்தையாக்கிக்கொண்டது.

இரு துருவங்களும் இப்போது கண்முன் இருக்கின்றன. ரோபோசென் நிறுவனம் 2021இல் அறிமுகப்படுத்திய ஆப்டிமஸ் பிரைம் 27 சர்வோ மோட்டார்களால், குரல் கட்டளை கேட்டுத் தானாகவே லாரியாகிறது. முன்பதிவு விலை 699 டாலர். அறிமுகக் காட்சி பிரமிக்க வைத்தது, ஆனால் அதில் கைக்கு வேலை இல்லை, உரிமையாளரும் பார்வையாளராகிவிடுகிறார். மறுபக்கம் டகாராவின் வழிவந்த டகாரா டோமி 2024இல் மிஸ்ஸிங் லிங்க் என்ற வரிசையைத் தொடங்கியது. முதல் பொம்மை அதே பழைய ஆப்டிமஸ் பிரைம்: அதே முகப்பு, அதே மார்புக் கண்ணாடி, அதே எளிய மடிப்பு. சேர்க்கப்பட்டவை முக்கியமாக முழங்கை, முழங்கால், இடுப்பு மூட்டுகள். நாற்பது ஆண்டுக்கு முந்தைய மாற்ற வரிசையை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, அது தர மறுத்த அசைவை மட்டும் தந்த இந்தப் பொம்மை, சேகரிப்பாளர்கள் ஆர்மடா காலம் தொட்டு ‘அசைவு எங்கே?’ என்று கேட்டுவந்த கேள்விக்கு வடிவமைப்பாளர்கள் சொன்ன மிக நேரடியான பதில்.