தகாத இன்னல்: ஒரு சட்டத்தொடரின் மொழியாக்கம்

நெருக்கடிநிலையின்போது 1976 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, மகாராட்டிரத்தில் 2007இல் நீக்கப்பட்ட நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம், புனேயில் ஒருவர் வைத்திருக்கத்தக்க காலிமனையை 1000 சதுர மீட்டராக வரையறுத்தது. ‘வரம்பு’ வயல்வரப்பையும் குறிக்கும் உறுதியான சொல். சட்டவாசகமோ அத்துணை உறுதியுடையதன்று. 19ஆம் பிரிவு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்களை விலக்கியது; நடுத்தர வகுப்பாரின் செல்வாக்குக்கு இதுவே வெளிப்படையான சான்று எனலாம். மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது 20ஆம் பிரிவு. ‘அண்ட்யூ ஹார்ட்ஷிப்’ நேருமாயின் மாநில அரசு காரணங்களை எழுத்தில் பதிந்து விலக்களிக்கலாம் என்பது அதன் கருத்து. எதிர்ப்புக்குரல் ஒடுக்கப்பட்ட நாளில், கொள்கையை நெகிழ்த்த விரும்பிய மனையுரிமையாளருக்குச் சட்டமே வழங்கிய மொழி இது. இதனை ‘மிகையான இன்னல்’ என்பது பொருந்தாது. மிகை அளவைச் சுட்டும். மூலமோ தகுதியைச் சுட்டுகிறது. ‘எனக்கு இது தகாது’ என்னும் மனுதாரர் குரலைத் ‘தகாத இன்னல்’ என்னும் தொடரே காக்கிறது.