பொறுத்துத் தொடும் கை

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், கண்டி நாட்டுக் கைவினைஞர்களுக்கு ஒரு தமிழரின் மகன் செலுத்திய மரியாதை. சித்திரக்காரர், தந்தம் செதுக்குவோர், பொன்வேலை செய்வோர், அரக்கு வேலைக்காரர், பாய் நெய்வோர் என்று ஒவ்வொரு தொழிலையும் அதன் செய்முறையோடு அவர் எழுதிவைத்தார். இன்றும் கண்டியில் ரசிக்கத்தக்க கைத்தொழில் எது என்று கேட்டால் எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களையும் பிலிமத்தலாவைப் பித்தளை வேலையையும் காட்டுவார்கள். சரிதான். ஆனால் அதே ஊரில், ஒரு கடையின் பின்மேசையில், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே ஒன் ஆகாத லெப்டொப்பைத் திறந்துவைத்துக் காரணம் தேடும் மனிதரின் வேலையையும் அதே வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தூணில் சிற்பம் நிற்கிறது. இங்கே வேலை முடிந்தபின் பழைய லெப்டொப் பழையபடி கிடக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. தெரியாதுதான். இந்தத் தொழிலின் அழகு, காரியங்களை அடுக்கும் வரிசையில் இருக்கிறது. திருப்பி எடுக்கக்கூடியதை முதலில் செய்து, திருப்பி எடுக்கவே முடியாததைக் கடைசிவரை தள்ளிவைக்கும் நிதானமே இதன் கலை.

‘ஒன் ஆகுதில்லை’ என்று சொல்லிக் கொண்டுவரும் லெப்டொப்புகள் எல்லாம் ஒரே நோயோடு வருவதில்லை. ஒன்றில் விளக்கே எரியாது. இன்னொன்றில் விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். மூன்றாவதில் திரையும் வரும், விண்டோஸ் வராது. இந்த மூன்றையும் பிரிக்கக் கருவி எதுவும் வேண்டாம், கண்ணும் காதும் போதும். திரையில் டோர்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா என்பதே ஒரு விடை: தெரிந்தால் பின்னொளி மட்டும்தான் போயிருக்கிறது. சில லெப்டொப்புகள் தங்கள் நோயைத் தாங்களே சொல்லும். டெல் என்றால் விளக்கு மஞ்சளாகவும் வெள்ளையாகவும் இத்தனை தடவை என்று கணக்காக மின்னும்; எச்பியில் கெப்ஸ் லொக் விளக்கு மின்னும். எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர் ஒரு ஆணியும் கழற்றாமலே ரெம்மா, மதர்போர்டா என்று பாதி தெரிந்துகொள்வார். பிறகு கேள்விகள். கடைசியாக எப்போது வேலை செய்தது? கரண்ட் போய் வந்ததா? இடி இடித்ததா? ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்து இடிமுழக்கத்தைக் கண்டி மலைகளில் இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் சார்ஜரோடு சேர்த்துக் குத்திவைத்த லெப்டொப்புக்கு என்ன நேரும் என்பதையும் சொல்லத் தேவையில்லை. ஏதாவது ஊற்றுப்பட்டதா என்ற கேள்விக்கு உண்மையான பதில் கிடைப்பது அரிது. சீனி போட்ட பிளேன்டீ வெறும் தண்ணீரைவிட மோசமானது, காய்ந்த பிறகும் போர்டில் ஒட்டிக்கொண்டு செம்பை அரிக்கும். ஆகவே நல்ல பாஸ் கேள்வியை மாற்றிப் போடுவார்: ‘பக்கத்தில் என்ன இருந்தது?’

அடுத்த படியும் எளியதே. சார்ஜரின் முனையில் 19 அல்லது 20 வோல்ட் வருகிறதா என்று மீற்றர் வைத்துப் பார்ப்பது. சார்ஜரையும் பெட்டரியையும் கழற்றிவிட்டு ஒன் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்னேற்றத்தை வெளியேற்றுவது. ரெம்மை எடுத்து அதன் பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் போடுவது. மலைநாட்டு ஈரத்தில் இந்தக் கடைசிக் காரியம் ஒன்றே பல லெப்டொப்புகளை எழுப்பிவிடும். இவற்றில் எதையும் கவனமாகச் செய்தால் லெப்டொப் முன்பிருந்ததைவிடக் கெட்டுப்போகாது. அதற்கும் எழும்பாவிட்டால் வருவது, எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பெட்டரியை விலக்கிவிட்டு, மின்னோட்டத்தைக் காட்டும் மேசைப் பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு 19 வோல்ட் கொடுக்கிறார்கள். இனி எல்லாம் அந்தச் சிறிய எண்ணில். அசையாமல் பூச்சியத்தில் நின்றால் மின்சாரம் போர்டின் வாசலையே தாண்டவில்லை: ஜெக், அல்லது அதற்கடுத்து நிற்கும் இரண்டு மொஸ்ஃபெட்டுகள். சில பத்து மில்லியாம்பியரில் அமைதியாக நின்றால் காவலுக்கு இருக்கும் 3.3, 5 வோல்ட் வழிகள் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன, பட்டனின் கட்டளைதான் எங்கோ போய்ச் சேரவில்லை. பட்டனை அழுத்தியதும் எண் ஏறி, தயங்கி, விழுந்து, மறுபடி ஏறினால் எழும்பும் வரிசையில் ஒரு படி உடைந்திருக்கிறது. கொடுத்தவுடனேயே எல்லைவரை பாய்ந்தால் எங்கோ ஷோர்ட். மூன்று இலக்கங்களின் ஏற்ற இறக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான உறுப்புகள் உள்ள போர்டில் தேட வேண்டிய இடத்தைச் சில சதுர சென்ரிமீற்றருக்குள் கொண்டுவந்து நிறுத்தும் அந்த ஊகத்தை, ஒரு நல்ல ஆலாபனையைக் கேட்கும் கவனத்தோடு கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஷோர்ட்டைத் தேடும் விதம் பார்ப்பதற்கே அழகானது. சந்தேகமான இடத்தில் ஐசோபுரொப்பைல் அல்ககோலைப் பூசி, அந்த வழிக்குக் குறைந்த வோல்ட்டில் மின்சாரம் கொடுப்பார்கள். போர்டு முழுக்க ஈரம் மினுங்கும். ஓரிடத்தில் மட்டும், கடுகளவு கப்பாசிற்றர் ஒன்றின் தலையில், முதலில் காயும். பழுதானது அதுதான், அதைக் கழற்றினால் பல நேரம் லெப்டொப் எழும்பிவிடும். காணொளிகளில் இந்த நொடியைத்தான் காட்டுகிறார்கள், இதைப் பார்த்துத்தான் பலர் தொழிலுக்கும் வருகிறார்கள். ஆனால் கலை அதற்கு முந்திய நிமிடத்தில் இருக்கிறது. ஷோர்ட் எந்த வழியில் என்று முதலில் அளந்து தெரிந்துகொள்ளாமல் வோல்ட் கொடுத்தால் என்ன ஆகும்? சீபியூவின் மைய வழி ஒரு வோல்ட்டை ஒட்டி வேலை செய்வது. அந்த வழிக்கு மின்சாரம் விடும் மொஸ்ஃபெட் உடைந்திருக்கும்போது 19 வோல்ட் பக்கத்தில் கரண்ட் கொடுத்தால், அது நேராகச் சீபியூவுக்குள் இறங்கிவிடும். மலிவான ஒரு பொருளோடு முடிந்திருக்கக்கூடிய பழுது போர்டையே கொண்டுபோய்விடும். ஒரே கருவி, ஒரே அல்ககோல். வேறுபாடு, கொடுக்குமுன் அளந்தாரா என்பது மட்டும்.

இதெல்லாம் ஒரு வரைபடத்தில் அடங்கும், அதைப் பார்த்து யாரும் செய்யலாம், இதைக் கலை என்பது மிகை என்று சொல்வோர் உண்டு. பாதி உண்மை. வரைபடம் உண்டு, பல போர்டுகளுக்குச் சுற்றுப்படமும் கையில் கிடைக்கிறது. ஆனால் வரைபடம் எந்த உறுப்பைப் பார்ப்பது என்று சொல்லும், எதை இழக்கலாம் எதை இழக்கக்கூடாது என்று சொல்லாது. பேராதனையில் ஆய்வேடு எழுதி முடிக்கும் தறுவாயில் உள்ள மாணவிக்கு லெப்டொப் முக்கியமில்லை, உள்ளே இருக்கும் அத்தியாயங்கள் முக்கியம். கணக்குப் பதியும் வேலைக்கு நாளைக்கே அது வேண்டும் என்று நிற்கும் கடைக்காரருக்கு அது தலைகீழ். ஒரே பழுதுக்கு இந்த இருவரிடமும் ஒரே வரிசையில் வேலை செய்பவர் வரைபடத்தைச் சரியாகப் பின்பற்றியவர், தொழிலைப் பிழையாகச் செய்தவர். இதில் மிகக் கொடிய பிழை, திரை வந்து விண்டோஸ் வராத லெப்டொப்புக்குக் கேட்காமலே புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுப்பது. லெப்டொப் பளிச்சென்று எழும்பும். உள்ளே இருந்த பத்து வருடம் போயிருக்கும்.

மீட்பு என்று தனியாகச் சொல்லப்படும் வேலையின் முதல் உண்மை ஆறுதலானது: லெப்டொப் செத்தாலும் தரவு சாவதில்லை. பழைய லெப்டொப் என்றால் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் செருகினால் பல நேரம் எல்லாம் அப்படியே தெரியும். எம்.2 எஸ்எஸ்டியும் அப்படியே, உறை மட்டும் அதன் வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இந்த ஆறுதல் இப்போது குறைந்துவருகிறது. புதிய விண்டோஸ் லெப்டொப்புகள் பலவற்றில் பிட்லொக்கர் பூட்டு உரிமையாளருக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். கழற்றிய எஸ்எஸ்டியை வேறு கணினியில் செருகினால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். 2018க்குப் பின் வந்த மெக்புக்குகளில் சேமிப்புச் சில்லே போர்டோடு ஒட்டியிருக்கிறது, அதைத் திறக்கும் சாவி அதே போர்டின் இன்னொரு சில்லுக்குள். கழற்றிக் கொண்டுபோய் வாசிக்க வழியே இல்லை. இதனால் இந்தத் தொழில் அழிந்துவிடும் என்கிறார்கள். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். முன்பெல்லாம் செத்த போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஸ்க்கை எடுத்தால் போதும்; இப்போது சாவி போர்டில் இருப்பதால் அந்தப் போர்டையே ஒரு மணி நேரமாவது எழுப்பியாக வேண்டும். போர்டை மாற்றிவிடுவோம் என்ற அவசரக்காரரின் குறுக்குவழி அடைபட்டுப்போய், கடுகளவு கப்பாசிற்றரைத் தேடும் பொறுமைசாலியிடமே எல்லோரும் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

டிஸ்க்கே நோயாளியாக இருக்கும்போதுதான் இந்தக் கலை உச்சத்துக்குப் போகிறது. அதன் தட்டுக்கு மேலே சில நனோமீற்றர் உயரத்தில் வாசிக்கும் தலை பறக்கிறது. ஒரு தூசியே அதற்கு மலை. டிக் டிக் என்று சத்தம் கேட்கிற டிஸ்க்கை மறுபடி மறுபடி ஒன் செய்தால் ஒவ்வொரு தடவையும் தட்டு உரசுப்படலாம். அதைத் திறந்து பார்ப்பது சாதாரண அறையில் செய்யும் காரியமே அல்ல. அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் மின்சாரத்தை எடுத்துவிட்டு ‘இது என்னால் முடியாது, தூசியில்லாத அறை உள்ளவரிடம் கொண்டுபோங்கள்’ என்று சொல்பவரின் திறமையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். இன்னும் வாசிக்கக்கூடிய நிலையில் தள்ளாடும் டிஸ்க்குக்கு டீடீரெஸ்கியூ போன்ற கருவி உண்டு. அது கோப்புகளைத் தேடாது. முதலில் டிஸ்க் முழுவதையும் பிரதி எடுக்கும். சுலபமாக வாசிக்கிற பகுதிகளை விரைவாக எடுத்துக்கொண்டு, சிக்குகிற இடத்தைத் தாண்டிப் போகும். எங்கே தாண்டியது என்று ஒரு குறிப்பேட்டில் பதியும். எல்லாம் முடிந்தபின் திரும்பி வந்து சிக்கிய இடங்களின் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். செல்லரித்த ஏட்டைப் படியெடுத்தவர்களும் இதையேதான் செய்தார்கள். தெரிந்த எழுத்தை எழுதி, சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டு வெறுமையாக விட்டு, மூல ஏடு கையில் பொடியாகுமுன் கடைசி ஓலைவரை போய்ச் சேர்ந்தார்கள். பிரதி வந்தபின் ஆராய்ச்சியெல்லாம் பிரதியில்தான். மூலத்தில் ஒரு எழுத்தும் எழுதப்படக் கூடாது.

கண்டியில், அதாவது தமிழரும் இருக்கும் கண்டியில், இந்த வேலைக்கு ஒரு தனி நுணுக்கம் வேண்டியிருக்கிறது. கோப்பு அட்டவணை சிதைந்த டிஸ்க்கில் ஃபோட்டோரெக் போன்ற கருவிகள் கோப்புகளை அவற்றின் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்கும், பெயர் போய்விடும். ஆயிரக்கணக்கான கோப்புகள் வெறும் இலக்கங்களோடு வந்து குவியும். ஒன்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. அனுபவமற்றவர் ‘பழுதாகிவிட்டது’ என்று ஒதுக்கிவிடுவார். உண்மையில் அது பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழாக இருக்கலாம். யூனிகோட் பரவும்வரை, பரவிய பிறகும்கூட, இலங்கையில் கோயில் மலர், பாடசாலை வினாத்தாள், சங்கத்தின் கூட்டக் குறிப்பு என்று ஏராளமானவை பாமினியில்தான் தட்டப்பட்டன. எழுத்துரு தகவல் இல்லாத இடத்தில் அவை குப்பைபோலத் தெரியும். மாற்றியில் போட்டால் முழுத் தமிழும் எழுந்து வரும். ஆனால் சரிபார்ப்பதென்றால் பிறருடைய கோப்பைத் திறப்பது. நல்லவர் உரிமையாளரைப் பக்கத்தில் இருத்தி, அவர் காட்டும் இரண்டு மூன்றை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மற்றதைத் தொடாமல் கொடுப்பார். ஒரு குடும்பத்தின் படமும் கடிதமும் வங்கிக் கணக்கும் கைக்குள் இருக்கும்போது பார்க்காமல் விடுவதும் இந்தத் தொழிலின் தேர்ச்சியில் அடங்கும்.

பிரதி எடுத்துவைத்திருந்தால் இந்தக் கலைக்கே வேலையில்லையே என்பது கடைசி ஆட்சேபம். இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன், எல்லோரும் எடுத்துவைக்கட்டும். ஆனாலும் நேற்றிரவு தட்டிய பக்கம் எந்தப் பிரதியிலும் இருக்காது. டேட்டா காட்டைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் தோட்டக் குடும்பத்துப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்று என்று சொல்வதும் எளிதல்ல. பழுதானால் புதிது வாங்கு என்ற பேச்சு இங்கே எவ்வளவு தாங்கும் என்பதை 2022 காட்டியது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐ எட்டியது. மின்வெட்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. கரண்ட் போய் வரப் போய் வர லெப்டொப்புகளுக்கு ஆபத்து கூடியது, புதியது கைக்கெட்டாத விலைக்குப் போனது. அத்தகைய காலத்தில் பழுதுபார்ப்பவரே ஒரு நாட்டின் இருப்பைக் காப்பவர்.

இவர்களுக்கு உரியதை நாம் கொடுப்பதில்லை. ‘ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குக் காசு?’ என்று கேட்கிறோம். மாற்றாமல் கண்டுபிடித்ததற்குத்தான் காசு. அடுத்த தடவை உங்கள் லெப்டொப் ஒன் ஆகாவிட்டால் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். நனைந்திருந்தால் சார்ஜரை உடனே பிடுங்குங்கள், அரிசிக்குள் போடாதீர்கள். பெட்டரி வீங்கியிருந்தால் சார்ஜ் ஏற்றவே வேண்டாம். கடையில் கொடுக்கும்போது உங்களுக்கு வேண்டியது லெப்டொப்பா, உள்ளே இருப்பதா என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள், துண்டில் எழுதியும் கொடுங்கள். லெப்டொப் இன்னும் நன்றாக இருக்கிறதென்றால் இன்றைக்கே உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கைத் திறந்து, அந்த 48 இலக்கச் சாவியை ஒரு தாளில் எழுதி, வீட்டு உறுதிப்பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள்.