அடிமைகளின் பாடலும் ஓர் ஆசிரியரின் உழைப்பும்

மக்கள் பாடலைச் செம்மைப்படுத்தினால் அதன் உயிர் குன்றிவிடுமா? அமெரிக்கக் கறுப்பின அடிமைகளின் சமயப் பாடல்கள் பாடகர் குழுக்களுக்கென அமைக்கப்பட்ட நாள் முதல் இவ்வினா எழுந்து வருகிறது. வில்லியம் டாசனின் பணியைக் கருத்தூன்றி நோக்குவோர்க்கு இதற்கு விடை கிடைக்கும் என எண்ணுகிறோம்.

1899-இல் அலபாமா மாநிலத்தின் அன்னிஸ்டன் நகரில் பிறந்த டாசன், 13 வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, புக்கர் வாஷிங்டன் வளர்த்த டஸ்கீகி கல்வி நிலையத்தை அடைந்தார். 1921-இல் அங்குக் கல்வியை முடித்தார். 1925-இல் கன்சாஸ் சிட்டியில் அவர் இசைப் பட்டம் பெற்ற விழாவில், அவர் இயற்றிய இசையே வாசிக்கப்பட்டது. ஆனால், வெள்ளை மாணவரோடு மேடையில் அமர அவருக்கு இடம் தரப்படவில்லை. இசையை ஏற்றவர்கள் அதைப் படைத்தவரை ஏற்கவில்லை.

அவர் மனம் கசந்து ஒதுங்கிவிடவில்லை. 1931-இல் டஸ்கீகிக்குத் திரும்பி இசைப் பள்ளியின் தலைமையேற்று, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு மாணவரைப் பயிற்றுவித்தார். 1932 டிசம்பரில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கம் திறக்கப்பட்டபோது, அவருடைய பாடகர் குழு அங்குப் பாடியது. 1934-இல் அவருடைய சிம்பொனியை ஸ்டொகாவ்ஸ்கி பிலடெல்பியா இசைக்குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். ஆயினும் அவருடைய பெயரை இன்றும் உலகெங்கும் நிலைநிறுத்துவன, அவர் பாடகர் குழுக்களுக்கென அமைத்த அடிமைகளின் பாடல்களே.

எசேக்கியேல் கண்ட சக்கரத்தைப் பற்றிய பாடலை எடுத்துக்கொள்வோம். ஒரு பகுதியினர் பாட, மற்றக் குரல்கள் சிற்றசைகளைத் திரும்பத் திரும்ப ஒலித்துச் சக்கரத்தின் சுழற்சியையே செவிமுன் நிறுத்துகின்றன. இது வெறும் வித்தை அன்று. இறைவாக்கினரின் காட்சியைக் குரலால் வரைந்த விளக்கவுரை. கிலயாதின் தைலத்தைப் பற்றிய பாடலிலோ ஆரவாரமே இல்லை. எரேமியா துயரத்தோடு கேட்ட கேள்விக்கு, சாட்டையடி பட்ட மக்கள் 'உண்டு' என்று விடை கூறினர். அந்த நம்பிக்கையின் அமைதியை டாசன் குலையாமல் காத்தார்.

குறையும் ஒன்று உண்டு. இவ்வமைப்புகளுள் சில, தேர்ந்த குரல்களையே வேண்டி நிற்கின்றன. வயல்வெளியில் எல்லாரும் சேர்ந்து பாடியதை, அரங்கில் சிலர் பாட மற்றவர் கேட்கும் நிலை உருவாகிறது. பாடலின் வரலாற்றை அறியாத குழுவின் கையில் அது திறமைக் காட்சியாகவும் சுருங்கக்கூடும். இதை மறைப்பது திறனாய்வுக்கு அழகன்று.

எனினும், அடிமைக் காலத்தின் எச்சம் என்று படித்த கறுப்பினத்தவருள்ளேயே சிலர் கூச்சப்பட்ட பாடல்கள் அவை. அவற்றுக்கு ஒவ்வோர் எழுத்தையும் மூச்சையும் திருத்தும் உழைப்பு தகும் என்று அவர் தம் மாணவருக்கு உணர்த்தினார். முன்னோரின் கண்ணீரை இளையோர் தலைநிமிர்ந்து பாடக் கற்றனர். 1956-இல் அமெரிக்க அரசே அவரை ஸ்பெயின் நாட்டுக்கு அனுப்பி, அங்குள்ள குழுக்களுக்குப் பயிற்சியளிக்கச் செய்தது. 1925-இல் மேடை மறுக்கப்பட்டவர், நாட்டின் பெயரால் மேடையேறினார்.

1990-இல் டாசன் மறைந்தார். எளியோரின் பாடலுக்கு எளிய உழைப்பு போதும் என நாம் எண்ணும்போதெல்லாம், அவர் வாழ்வு நம்மைக் கடிந்துகொள்கிறது. செம்மை உயிரைக் குறைப்பதில்லை. அன்பில்லாத செம்மையே குறைக்கும்.