மந்திரம் பொதுவுடைமையானால்

மாயாஜாலக் கதைகளில் மூழ்கிய இளைஞர் சிலர் சிராங்கூன் சாலையில் நம்மை நிறுத்தி, மந்திரம் எல்லார்க்கும் கைவந்தால் போரும் ஊரும் எவ்வாறிருக்குமென வினவினர். நல்ல வினாவே. ஆயினும் நம் பழங்கதைகள் இவ்வினா எழவே இடந்தரவில்லை என்பதை அன்னோர் கவனித்தாரில்லை.

பாரதத்தையே பார்ப்போம். அத்திரவித்தையாவது அம்பை மந்திரத்தால் நெருப்பாக்குதல். நாவும் நினைவும் உடைய எவரும் கற்கத் தக்கதே. கர்ணன் தன்னைப் பார்ப்பனனென்று சொல்லிப் பரசுராமரிடம் கற்றான். அவன் அக்குலத்தினனல்லன் என்று தெரிந்ததும், வேண்டும் வேளையில் மறக்கக் கடவதென்ற சாபம் வந்தது. ஏகலைவனோ மந்திரமே கேட்கவில்லை, மண்ணுருவை வைத்து வில் பழகினான், பெருவிரல் போயிற்று. எனவே வித்தை இயல்பிலே அரிதன்று, காவலிட்டு அரிதாக்கப்பட்டது. கதாசிரியர் இதை ஒளிக்கவில்லை என்பதற்காக அவரைப் பாராட்டுவோம். விதியென்று சொல்லி விரைந்து கடப்பவர் காலட்சேபக்காரரே.

"கண்டவன் கையில் அத்திரம் கிடைத்தால் உலகம் அழியாதோ?" என்பர் வைதிகர். அழித்தவன் யார் என்று நாம் கேட்கிறோம். உத்தரையின் கருவின்மேல் பிரமாத்திரத்தை ஏவியவன் வேடனல்லன், தேரோட்டி வளர்த்த மகனுமல்லன். குருவின் சொந்த மைந்தன், பிறப்பால் முழுத் தகுதி வாய்ந்த அசுவத்தாமன்! அருச்சுனன் தன் அத்திரத்தை மீட்டான். இவனுக்கு மீட்கவும் தெரியவில்லை. காவல் எதைக் காத்தது?

இந்நகரமும் ஒன்று கண்டது. சாங்கியில் நிறுத்திய 15 அங்குலப் பீரங்கிகள் இதனைக் காக்கவில்லை; தோட்டத்துக் கிராணியும் ஏறும் சைக்கிளில் ஜப்பானியச் சிப்பாய்கள் பலர் மலாயாவைக் கடந்து வந்தனர்; 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மறு ஆண்டில் ஜான்சி ராணிப் படையின் முகாம் வாட்டர்லூ தெருவில் எழுந்தது. பால்மரம் வெட்டிய பெண்கள் துப்பாக்கி பழகினர். யாரும் குலம் கேட்டுச் சபிக்கவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் சாதி பாராத சமையல் நடந்தது. 1944இல் இம்பாலில் அந்த ராணுவம் தோற்றது மெய்தான். லயத்துக்குத் திரும்பியவளைக் கங்காணி பழைய குரலில் அழைத்திருக்க முடியுமா என்பதே நமக்குப் பெரிய கேள்வி.

மாயாஜாலம் எழுதப் புகும் நம் இளைஞர் அரண்மனையை விட்டு அந்த முகாம் வாயிலிலிருந்து கதையைத் தொடங்கிப் பார்க்கட்டும்.